கத்திரிக்காய் என்று எழுதிய அட்டை

ஊதா நிறத்துக்காக அன்று இரண்டாம் வகுப்பில் ரத்தம் பார்த்தாகிவிட்டது. நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு நீலப் புட்டி ஒன்றுதான். மூன்றாம் மேசையில் ஒருவன் அதைத் தன் பக்கம் இழுக்க, பக்கத்தில் இருந்தவன் அவன் மணிக்கட்டில் பல் பதியக் கடித்தான். கடிபட்டவன் சும்மா இருப்பானா? தூரிகையைத் திருப்பிப் பிடித்து மரக்காம்பால் கடித்தவன் மூக்கில் குத்தினான். நீலம் தரையெல்லாம் கொட்டியது. அதன்மேல் இரண்டு சொட்டுச் சிவப்பும் விழுந்தது. அந்தச் சிவப்பு எந்தப் புட்டியிலிருந்தும் வந்ததல்ல.

இருவரையும் காலரைப் பிடித்துப் பிரித்தவள் கலர் டீச்சர். பள்ளியில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் ஓவிய வகுப்பு. மற்ற நாட்களில் வராத ஆசிரியர்களின் வகுப்புகளில் காவல். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று முப்பது பேருக்குப் புரியவைத்து, மீதிப் பேரைப் பார்ப்பதற்குள் இந்தச் சண்டை. தலைமையாசிரியை கொடுத்திருந்த மர ஸ்கேல் மேசைமேல் கிடந்தது. சண்டைக்காரர்கள் இருவருக்கும் ஆளுக்கு இரண்டு வைத்தாள். ஏறிய கோபம் அதோடு இறங்கவில்லை. திரும்பியபோது கடைசி மேசையில் ஒரு சிறுமி முட்டை அட்டையின் குழியொன்றில் எல்லா நிறத்தையும் ஒன்றாகக் கலக்கிக் குழப்பிக்கொண்டிருந்தாள். ஊதா கேட்டால் சேறு கலக்கி வைத்திருக்கிறாயா என்று கேட்டு, அவள் கையை நீட்டச் சொல்லி ஓங்கி ஒன்று போட்டாள்.

அந்தப் பெண் அழவில்லை. அடி வாங்கிய கையை இறக்கிவிட்டு, மற்றக் கையின் சட்டையை முழங்கை வரை மடித்துக்கொண்டு, அதையும் நீட்டினாள்.

"ரெண்டையும் நீட்டிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும் டீச்சர்."

ஸ்கேல் டீச்சரின் கையிலேயே நின்றுவிட்டது. வகுப்பு முழுவதும் அவளைப் பார்த்தது. வெளியே வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மாவும் சன்னல் வழியே பார்த்தாள். பிறகு துடைப்பத்தை வாளியில் முக்கினாள்.

அன்று டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. பிறரை அடித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவள் அந்த ரகமில்லை; அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும். மறுநாள் காலை வழிபாட்டுக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதே அந்தச் சிறுமியின் பக்கத்தில் போய்க் குனிந்து, நேற்று அடித்தது தப்பு, மன்னித்துக்கொள் என்றாள். ஏழு வயதுப் பிள்ளையிடம் ஆசிரியர் ஒருவர் மன்னிப்புக் கேட்டு அந்தப் பள்ளியில் யாரும் கண்டதில்லை.

"பரவால்ல டீச்சர். நீங்க ஒரே ஒரு தடவதான அடிச்சீங்க."

டீச்சர் சிரித்துக்கொண்டே அவள் தலையைத் தடவினாள். அந்தப் பதிலுக்குள் என்ன இருந்தது என்று அப்போது அவள் காதில் ஏறவில்லை. ஆனால் அந்த மன்னிப்பு பிள்ளையின் மனதில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு நடந்த நல்லதும் கெட்டதும் அங்கிருந்துதான் தொடங்கின.

ஸ்கேலை டீச்சர் அலமாரியின் மேல் தட்டில் போட்டுவிட்டாள். பாடத்தையும் மாற்றினாள். நீலத்தையும் சிவப்பையும் மஞ்சளையும் வெள்ளையையும் தண்ணீர் விட்டுக் கரைத்து, மேசைக்கு நாலு குப்பி வீதம் ஊற்றி வைத்தாள். குப்பிக்கு ஒன்றாக மை ஊற்றும் ஃபில்லர்களை ஆயாம்மா எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்தாள். இனிமேல் யாரும் ஊற்றக்கூடாது, சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும், எத்தனை சொட்டு என்று எண்ணி நிறத்தின் கீழே எழுத வேண்டும். வீட்டில் ஏதாவது ஒரு பொருளை நன்றாகப் பார்த்துவிட்டு வந்து அதன் நிறத்தைக் கலக்க வேண்டும். பார்த்ததைப் பார்த்தபடி. அதுதான் ஒரே விதி. செய்முறை எழுதாத அட்டைக்கு மதிப்பெண் கிடையாது.

அடிதடி போன இடம் தெரியவில்லை. எண்ணுகிறவனுக்குக் கடிக்க நேரம் ஏது? ஒருவன் தன் வீட்டு வாளியைக் கலந்தான். ஒருத்தி அப்பாவின் வழுக்கைத் தலையைக் கலந்து, "வெள்ளை நாலு, சிவப்பு ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு, பளபளப்புக்குக் கொஞ்சம் எண்ணெய்" என்று எழுதினாள். எல்லோரையும்விட நிதானமாக எண்ணியவள் அந்தக் கடைசி மேசைச் சிறுமிதான். உதடு அசைய, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொட்டாக விட்டாள். ஆயாம்மா அவளுக்குச் 'சொட்டு' என்று பெயர் வைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

சொட்டுவின் அட்டையில் ஒரு நிறம் இல்லை, நாலு நிறம். கட்டம் போட்டு, முதல் நாள், ரெண்டாம் நாள், அஞ்சாம் நாள், ஒம்பதாம் நாள் என்று மேலே எழுதியிருந்தாள். முதல் கட்டத்தில் கன்றிய சிவப்பு. அடுத்ததில் நீலம் ஏறிய ஊதா. பிறகு ஓரத்தில் பச்சை படர்ந்த ஊதா. கடைசியில் அழுக்கு மஞ்சள். ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்ததுபோல இருந்தது. இவ்வளவு நுணுக்கமான கலவையைப் பெரிய வகுப்புப் பிள்ளைகள்கூடச் செய்ததில்லை. டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. ஊதா மஞ்சளாகிறது என்றால் என்ன? முற்றிப் பழுத்துப்போன கத்திரிக்காய். தானே கேட்டாள், கத்திரிக்காயா என்று. சொட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகத் தலையாட்டினாள். டீச்சர் தன் அழகான கையெழுத்தில் அட்டையின் தலையில் 'கத்திரிக்காய்' என்று எழுதிச் சுவரின் நடுவில் ஒட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். இவ்வளவு திறமை எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது, சொட்டுவின் அப்பா கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் என்று தெரிந்தது. அடிபட்டு நசுங்கிய காரின் கதவை டிங்கர் தட்டி நேராக்கியபின், பழைய நிறத்துக்கும் புது நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் கலந்து அடிப்பதில் அந்த வட்டாரத்திலேயே அவரை மிஞ்ச ஆளில்லையாம். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாள் வகுப்புக்கு வந்து பிள்ளைகளுக்குக் கலந்து காட்டுங்கள் என்று சீட்டு எழுதிச் சொட்டுவின் பையில் வைத்து அனுப்பினாள்.

அவர் வந்தார். தேய்த்த சட்டை, நகக்கண்ணில் மட்டும் போகாத பெயிண்ட், கையில் சிறு டப்பாக்கள் அடங்கிய மரப்பெட்டி. வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். ஆயாம்மாவுக்கு வணக்கம் சொன்னார். பிள்ளைகளைப் பார்த்து, உங்களில் யார் காரில் மோதினீர்கள், மரியாதையாகச் சொல்லிவிடுங்கள் என்று ஆரம்பித்தார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நசுங்கிய தகரத் துண்டொன்றைக் காட்டி, அதன் பச்சையை அவர்கள் கண்ணெதிரே கலந்தார். முதலில் கொஞ்சம் தப்பாகக் கலந்துவிட்டு, "என்ன கொறையுது, சொல்லுங்க முதலாளி" என்று முன்வரிசைப் பிள்ளைகளைக் கேட்டார். மஞ்சள் என்றார்கள். ஒரு துளி மஞ்சள் விட்டுப் பூசியதும், புதுசு எது பழசு எது என்று தெரியாமல் தகரம் ஒரே பச்சையானது. நாற்பது பிள்ளைகள் கைதட்டினார்கள். சொட்டு மட்டும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா வந்த கூச்சம் என்று டீச்சர் நினைத்தாள்.

பிறகு அவர் சுவரில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வழுக்கைத் தலைக்கு இன்னும் ஒரு சொட்டு மஞ்சள் போடலாம் என்றார். வாளிக்கு முழு மதிப்பெண் கொடுத்தார். நடுவில் இருந்த அட்டைக்கு வந்ததும் சத்தமாகச் சிரித்தார்.

"என்ன டீச்சர், ஏமாத்திட்டாங்க உங்களை. கத்திரிக்காய் எங்கேயாவது செவப்புல ஆரம்பிக்குமா?"

பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர் இன்னும் நெருங்கிப் பார்த்தார். செய்முறையைப் படித்தார். நாட்களைப் படித்தார். நிறங்களை அறிந்த மனிதர். ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே அவர் பிழைப்பு. அந்த நாலு கட்டத்துக்கும் அசல் நிறம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. அதை உண்டாக்கியவரே அவர்தான்.

சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்கியதை டீச்சர் பார்த்தாள். அட்டையை மூலையில் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தார். சுவரின் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பையை எடு. வீட்டுக்குப் போலாம்."

சொட்டு எழுந்திருக்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் கீழே ஈரம் பரவியது. ஒரு தடவைதானே அடித்தீர்கள் என்று அந்தப் பிள்ளை சொன்னது இப்போதுதான் டீச்சரின் காதில் ஏறியது. சிவப்பு, ஊதா, பச்சை, மஞ்சள். ஒன்பது நாளில் ஆறுகிற அடிக்காயம். எல்லாத் தாய்மாரும் பள்ளிக்கு வரும் நாட்களில் இந்தப் பிள்ளையின் தாய் மட்டும் ஏன் வந்ததேயில்லை என்பதும் விளங்கியது.

இன்னும் அரை மணி வகுப்பு இருக்கிறது, பிள்ளை பிறகு வருவாள் என்று சொல்லி டீச்சர் அவருக்கும் மேசைக்கும் நடுவில் போய் நின்றாள்.

"எம் பொண்ணு. நகரு."

அவள் நகரவில்லை. புறங்கையால் ஒரே அறை. டீச்சரின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. நிமிர்வதற்குள் தலைமுடியைப் பற்றி அவளை மேசைமேல் தள்ளினார். குப்பிகள் உருண்டன, நாலு நிறமும் ஒன்றாகக் கலந்து அவள் முதுகில் ஓடியது. பிள்ளைகள் கத்தவில்லை. அதுதான் பயங்கரம். நாற்பத்தொரு பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு, பெரியவர்கள் அடித்துக்கொள்வதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஏற்கெனவே பழகியவர்களைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாளியோடு உள்ளே வந்த ஆயாம்மா அழுக்குத் தண்ணீர் முழுவதையும் அவர் முகத்தில் வீசினாள். அவர் கண்ணைத் துடைப்பதற்குள் துடைப்பக் கம்பை நெஞ்சில் வைத்து வாசல் வரை தள்ளினாள். அவளுக்கு நாற்பத்தைந்து வயது. நாற்பது அறைகளைத் தினமும் துடைக்கிற தோள்கள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவர் இரண்டு தடவை உதைத்தார். கதவின் மேல் பலகை பிளந்தது. பிறகு உதை நின்றது. வெளியிலிருந்து அவர் குரல் அமைதியாக, கிட்டத்தட்ட மரியாதையாகக் கேட்டது.

"இது கொழந்தை வேலையில்ல டீச்சர். இவ அம்மா சொல்லிக் குடுத்து எழுத வச்சிருக்கா. அவகிட்டயே கேட்டுக்கறேன்."

மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

டீச்சர் உதட்டைக் கையால் அழுத்திக்கொண்டு எழுந்தாள். வீட்டில் ஒருத்தி, எதுவும் தெரியாமல், மத்தியான வேலை செய்துகொண்டிருக்கிறாள். அவளைத் தேடி ஒரு மனிதன் போய்க்கொண்டிருக்கிறான். அவன் பையில் இருக்கிற அட்டையைச் சுவரின் நடுவில் ஒட்டியவள் இவள். அவனைச் சீட்டு எழுதிக் கூப்பிட்டவளும் இவள்தான்.

தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டைத் திறந்தார். அதில் இருந்த ஒரே தொலைபேசி எண் அந்த அப்பாவுடையது. முகவரியோ போன மாதம் அவர்கள் காலி செய்துவிட்ட வீட்டினுடையது. போலீசுக்குப் பேசினால், எந்த வீடு என்று அவர்கள் கேட்கிறார்கள். டீச்சர் சொட்டுவின் முன்னால் மண்டியிட்டாள். வீடு எங்கே கண்ணு என்றாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வரிசை வீடு, எல்லாம் ஒரே மாதிரி என்றாள் சொட்டு. எத்தனையாவது வீடு? தெரியாது. கதவு? அப்பா மீந்துபோன கார் பெயிண்டை எங்கள் கதவுக்கு அடித்தார், அக்கம்பக்கத்திலும் ஆறேழு கதவுக்கு அடித்துக் கொடுத்தார், எல்லாம் நீலம்தான் என்றாள். தலைமையாசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார்.

சொட்டுவின் உதடு அசைய ஆரம்பித்தது.

"எங்க கதவு நீலம் அஞ்சு, மஞ்சள் ரெண்டு, வெள்ளை ஒண்ணு. பக்கத்து வீட்டுக்கு மஞ்சள் ஒண்ணுதான். மத்ததுக்கெல்லாம் மஞ்சளே இல்ல."

டீச்சர் அதைத் திரும்ப ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆயாம்மா ஏற்கெனவே ஸ்கூட்டர் சாவியை இடுப்பிலிருந்து எடுத்திருந்தாள். சொட்டுவின் ஈரமான பாவாடையைப் பற்றிக் கவலைப்படாமல் தலைமையாசிரியை அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தொட்டிக்குப் பின்னால் வரச் சொல்லிப் போலீசுக்கு மறுபடி பேசினார். பிரம்புக்குப் பெயர்போன அந்த அம்மாளின் மடியில் அதுவரை எந்தப் பிள்ளையும் உட்கார்ந்ததில்லை.

தொட்டிக்குப் பின்னால் இருந்த தெருவின் ஒரு பக்கம் முழுக்க வீடுகள். எதிர்ப்பக்கம் கல் அறுக்கும் பட்டறை. ரம்பம் கல்லை அறுக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் அலறினாலும் வெளியே வராது. வீடு பார்க்கும்போதே அதற்காகத்தான் அவன் இந்தத் தெருவைப் பிடித்தானோ, கடவுளுக்குத்தான் தெரியும். கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. பளபளக்கும் நீலக் கதவுகள், வெயிலில் ஒன்றுபோலவே.

ஆயாம்மா வண்டியை மெதுவாக உருட்டினாள். டீச்சர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். முதல் கதவு நீலம். சுத்த நீலம். இல்லை. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் வெள்ளை கூடுதல். ஐந்தாவதில் லேசான பசுமை தட்டியது, ஆனால் அது மஞ்சள் ஒன்று. இரண்டல்ல. அப்படியென்றால் பக்கத்தில் இருப்பதுதான். ஆறாவது கதவு, மயில் கழுத்து நிறத்துக்குப் பாதி தூரம் போன நீலம். வாசலில் மோட்டார் சைக்கிள் இல்லை. அதைத் தள்ளிப்போய்ச் சந்தில் நிறுத்தியிருந்தான். மோட்டார் சைக்கிளைத் தேடியிருந்தால் அவர்கள் அந்த வீட்டைத் தாண்டியே போயிருப்பார்கள்.

டீச்சர் இரண்டு கையாலும் கதவில் அடித்தாள். ஆயாம்மாவைப் பக்கத்து வீடுகளைத் தட்டச் சொன்னாள். கதவு திறந்தது. அவன் நின்றான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். மூச்சு வாங்கியது. அவன் தோளுக்குப் பின்னால் கவிழ்ந்த அடுப்பும், சுவரோரம் வழிந்த குழம்பும், தரையில் இழுபட்ட ஒரு சேலை நுனியும் தெரிந்தன.

"என்ன டீச்சர், வீட்டுக்கும் வந்துட்டீங்களா? கத்திரிக்காய் வேணுமா?"

உள்ளே போக முயன்றவளின் கழுத்தைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். புருவம் பிளந்து ஒரு கண் சிவப்பாக மூடிக்கொண்டது. இரண்டாவது தடவை மோதும்போது அவள் விரல்கள் நிலையைப் பற்றிக்கொண்டன. அவன் அந்த விரல்களை முஷ்டியால் குத்தினான். அவள் விடவில்லை. இந்தக் கதவு மறுபடி சாத்தப்பட்டால் உள்ளே இருப்பவள் பிழைக்கமாட்டாள் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. ஓடிவந்த ஆயாம்மா ஹெல்மெட்டைச் சுழற்றி அவன் முழங்கையில் இறக்கினாள். அவன் பிடி விட்டது. திரும்பி, கதவோரம் கிடந்த கட்டையை எடுத்து ஆயாம்மாவின் தோளில் அடித்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் ரம்பத்தின் சத்தத்தில் கரைந்தது. அவள் தரையில் சரிந்து உட்கார்ந்தபடியே ஹெல்மெட்டால் அவன் முட்டியில் இன்னொரு முறை அடித்தாள்.

பட்டறையில் கல் அறுத்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார். ரம்பத்தை நிறுத்தினார்.

தெருவில் அமைதி விழுந்தது. அந்த அமைதியில், வீட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. பெரிய சத்தமில்லை. கன்றுக்குட்டி ஒன்று தொண்டை அடைத்து மூச்சு விடுவதுபோல. ஒரு மாதமாக அந்தத் தெரு கேளாமல் இருந்த சத்தம்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மஞ்சள் ஒன்று கலந்த கதவு. கைகளில் சோப்பு நுரையோடு ஒரு பெண் நின்றாள். இவ்வளவு நாளும் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு இருந்தவள் அவள். ஆயாம்மா தட்டியதும் வரலாமா வேண்டாமா என்று கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். இப்போது வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. இடுப்பில் இருந்த துண்டை உருவிக்கொண்டு, "தள்ளுங்கண்ணே" என்று மட்டும் சொல்லி, அவன் கைக்கடியில் குனிந்து உள்ளே போய்விட்டாள்.

அவனுக்கு அது பிடிபடவில்லை. கையில் கட்டை இருந்தது, ஓங்கவும் செய்தான். ஆனால் அடுத்த கதவு திறந்தது. அதற்கு அடுத்ததும். அவன் நிறம் அடித்துக் கொடுத்த கதவுகள். யாரும் அவனைத் தொடவில்லை, திட்டவில்லை. வந்து நின்றார்கள். கல் அறுக்கிறவர் முகமெல்லாம் வெள்ளைப் பொடியோடு வந்து டீச்சரின் முன்னால் நின்றுகொண்டார். அறிமுகமானவர்களின் முகங்களைப் பார்த்தபோது அவன் கை கீழே வந்தது. கோழைகளுக்குத் தனிமை வேண்டும். அது போனதும் அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை. வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். ஒரு கிழவர் கொண்டுவந்து கொடுக்கவும் செய்தார். போலீஸ் வந்து கூட்டிப்போகும்வரை அதைக் குடித்துக்கொண்டிருந்தான்.

சொட்டுவின் அம்மாவுக்குத் தாடை உடைந்திருந்தது. இரண்டு விலா எலும்புகள். இடது கை. மருத்துவமனையில் தாடையைக் கட்டிப் படுக்கவைத்தார்கள். டீச்சருக்குப் புருவத்தில் ஐந்து தையல். ஆயாம்மாவின் கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. இனி ஒரு மாதம் தலைமையாசிரியைதான் வராந்தா துடைக்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை மறுக்கவில்லை. அவர் மடியில் சொட்டு தூங்கிப்போயிருந்தாள்.

டீச்சர் கட்டிலருகில் குனிந்தாள். தானே அவரைப் பள்ளிக்குக் கூப்பிட்டதையும், அட்டையில் தப்பாகப் பெயர் எழுதியதையும், பிள்ளை நம்பிக் கொடுத்ததைப் படிக்கத் தெரியாமல் போனதையும் மறைக்காமல் சொன்னாள். அந்தத் தாய் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு வலது கையை நீட்டி டீச்சரின் தையலுக்குப் பக்கத்தில், வலிக்காத இடத்தில், விரலை வைத்தாள். எவ்வளவு மெதுவாகத் தொட முடியுமோ அவ்வளவு மெதுவாக.

மாலையில் ஒரு பெண் போலீஸ் வந்தார். களைத்துப்போன முகம். இப்படிப் படுத்திருந்த எத்தனையோ பேரிடம் எழுதி வாங்க வந்து, குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்ற ஒரு வரியோடு திரும்பியவர். அந்த வரி வந்தால் அந்த மனிதனை நாளையே விட்டுவிட வேண்டியிருக்கும் என்று டீச்சரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். கட்டிலின் குறுக்கே எழுதும் பலகை ஒன்றை வைத்து, மேலே ஒரு தாளை வைத்து, பேனாவைத் தாயின் விரல்களுக்குள் செருகினார்.

"பேச வேணாம்மா. உங்களுக்குத் தோணுறத எழுதுங்க. அவசரமில்ல."

பேனா தாளைத் தொட்டுக்கொண்டு நின்றது. தாயின் பார்வை தலைமையாசிரியை மடியில் வாயைத் திறந்து தூங்கும் மகளிடம் போய், அங்கேயே இருந்தது. இடது கைக்குக் கட்டுப் போட்டிருந்ததால் தாளைப் பிடித்துக்கொள்ள அவளால் முடியவில்லை. ஒரு எழுத்து எழுதியதும் தாள் நழுவியது. டீச்சர் இதை எழுது என்று கேட்கவில்லை. வீங்கிய தன் விரல்களால் தாளின் இரண்டு மூலைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

எழுத்து கோணல்மாணலாக வந்தது. முதல் வரியில் ஒரு தேதி. அது இன்றைய தேதி அல்ல. எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. அதன் கீழே என்ன நடந்தது என்று எழுதினாள். பிறகு அடுத்த தேதி. பெண் போலீஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். செவிலி வந்து விளக்கைக் கட்டிலின் பக்கம் திருப்பிவிட்டுப் போனாள். தாள் அடிவரை நிரம்பியது. தாய் பேனாவை விடாமல், கட்டுப்போட்ட முகத்தை நிமிர்த்தி, இன்னும் ஒரு தாள் வேண்டும் என்று டீச்சரைப் பார்த்துக் கையால் கேட்டாள்.